சிச்சுவான் சியாவ் சு ரோ (மாவில் தோய்த்து மொறுமொறுவெனப் பொரிக்கும் சீனப் பன்றிக்கறி): பத்து நிமிடத்தில் நமுத்துப்போகிறதே?

ஒரே தடவைதான் பொரித்தீர்கள் என்றால், குறை அதுதான். 160 டிகிரியில் 3–4 நிமிடம் பொரித்து, ஆறவிட்டு, 190 டிகிரியில் 40 நொடி மறுபடி போடுங்கள். கறியிலிருந்து கசியும் நீராவிதான் மேலோட்டை நமுக்க வைக்கிறது.

அப்படியும் நமுத்தால் மாவைப் பாருங்கள். மைதா வேண்டாம், சிச்சுவானில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்தான். 300 கிராம் பன்றிக்கறிக்கு 100 கிராம் ஸ்டார்ச், 2 முட்டை. தண்ணீர் சேர்க்காதீர்கள். கரண்டியில் எடுத்தால் மெதுவாக, அறுபடாமல் வழிய வேண்டும்.

ஸ்டார்ச் குருணையாக இருந்தால் முட்டையில் 15 நிமிடம் ஊறட்டும். ஊறாத குருணை எண்ணெயில் வெடிக்கும், கையைச் சுடும்.

ஹாட்பாட் (மேசையிலேயே கொதிக்கவிட்டுச் சாப்பிடும் சீனக் குழம்பு) குழம்பில் போட்டால் எப்படிப் பொரித்தாலும் ஊறிவிடும். அது அப்படித்தான் சாப்பிடுவது. மொறுமொறுப்பு வேண்டுமானால் மிளகாய்த்தூள் தொட்டு, சூடாகவே.