"நீங்க யாரு தம்பி?" – 'நான்' பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அம்மாவுக்கு மறதி நோய். என்னைப் பார்த்து "நீங்க யாரு தம்பி?" என்கிறாள். பெற்ற பிள்ளைக்கே மரியாதை! இவள் இன்னும் என் அம்மாதானா?

பதில்: அம்மாதான். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். 1694-இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தில், நினைவு எட்டும் தூரம்வரைதான் ஒருவர் அதே ஆள் என்று வாதிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் என் பெயர்கூடத் தெரியாது. ஆனால் மடியில் மல்லிகையைக் கொட்டினால் போதும், இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக வைத்து நாரில் முடிச்சு விழுந்துகொண்டே இருக்கும். கட்டி முடித்ததும் பக்கத்தில் இருக்கும் பெண்ணைத் திரும்பி உட்காரச் சொல்லித் தலையில் வைத்துவிடுவாள். யாருக்கு வைக்கிறோம் என்று தெரியாது. வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

கேள்வி: அது வெறும் கைப்பழக்கம் இல்லையா?

பதில்: பழக்கம்தான். அந்த 'வெறும்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில், மூளையில் அறுவை செய்து புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை இருபுறமும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்தே அதன்மேல் கோடு போடச் சொன்னார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. ஆனால் முன்பு அதைச் செய்த ஞாபகமே மொலைசனுக்கு இல்லை. அவர் மறந்ததை அவர் கை கற்றுக்கொண்டது. அந்தக் கையும் மொலைசன்தானே?

கேள்வி: 'நான்' என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறதே பௌத்தம்?

பதில்: மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டது இதுதான்: அச்சு தேரா, சக்கரம் தேரா? தனியாக எதுவும் தேர் இல்லை. ஆனாலும் மன்னன் வந்து இறங்கியது தேரில்தான். உதிரிகள் ஒன்றுகூடி நடப்பதற்குத்தான் அந்தப் பெயர். முதலில் கேட்டவரின் அம்மாவிடம் சில உதிரிகள் கழன்றிருக்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வி: (முதலில் கேட்டவரே) தினமும் சாயங்காலம் "அப்பா இன்னும் வரலையா?" என்கிறாள். அப்பா இறந்து ஆறு வருடம். உண்மையைச் சொன்னால் அன்றுதான் கேள்விப்பட்டதுபோல அழுகிறாள். பொய் சொல்லலாமா?

பதில்: நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவனிடம்கூடப் பொய் கூடாது என்று 1797-இல் எழுதினார் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட். தினமும் ஒரு சாவுச் செய்தி சொல்லும் நிலை அவருக்கு வந்திருக்காது. நானாக இருந்தால் சொல்ல மாட்டேன். "அப்பாவைத் தேடுதாம்மா? அவருக்குக் காபி எப்படி இருக்கணும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதில் பொய் இல்லை. சர்க்கரை எத்தனை கரண்டி என்பதுவரை அவள் சொல்லக்கூடும். சொன்னால், அப்படியே ஒரு டம்ளர் போட்டு அவளுக்குக் கொடுங்கள்.