நீர் ஆய்வுக்கு நிதி: வாசகர் கேள்வி பதில்

நீர்வள ஆய்வுக்குப் பணம் கேட்பது, வாங்குவது, கணக்கு ஒப்படைப்பது பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த ஐந்து கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: கடலூரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை ஆய்வு செய்ய ஆசை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சிறு ஆய்வுகளுக்குத் தரும் மைனர் ப்ராஜெக்ட்டுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

மைனர் ப்ராஜெக்ட்டை மறந்துவிடுங்கள். அந்தக் கதவு சாத்திப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் இன்னும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். மத்திய அரசின் ஆய்வு நிதி வாரியமாக இருந்த எஸ்இஆர்பி என்ற பெயரையும் விட்டுவிடலாம். 2023-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது ஏஎன்ஆர்எஃப், அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தனித் திட்டம், பட்டியல் இன, பழங்குடி ஆய்வாளர்களுக்குத் தனித் திட்டம், அனுபவம் உள்ளவர்களுக்குத் தனித் திட்டம் என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் பாருங்கள்.

தண்ணீருக்கென்றே இருப்பவை இரண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2007-ல் தொடங்கிய நீர்த் தொழில்நுட்பத் திட்டம் ஒன்று. அது கருவி, சுத்திகரிப்பு முறை என்று கையில் காட்டக்கூடிய தீர்வைத் தேடுகிறது. இன்னொன்று ஜல் சக்தி அமைச்சகத்தின் ஆராய்ச்சி நிதி. மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், காலநிலை மாற்றம் என்று தனித்தனிக் குழுக்கள் வைத்துப் பரிசீலிக்கும் வழக்கம் அங்கே உண்டு. உங்கள் தலைப்பு நிலத்தடி நீர்க் குழுவுக்கே நேராகப் போகக்கூடியது.

சுயநிதிக் கல்லூரி என்பதால் இரண்டு காகிதங்களை இப்போதே தயார் செய்யுங்கள்: கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் தர்பன் போர்ட்டல் (தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் அரசுத் தளம்) எண், நீங்கள் நிரந்தரப் பணியில் இருப்பதாகக் கல்லூரி தரும் சான்று. கடைசி நாளில் பல விண்ணப்பங்கள் சிக்குவது இங்கேதான். நீரில் கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் ஐயன் க்ரோமட்டோகிராஃப் போன்ற பெரிய கருவி உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், தனியாக விண்ணப்பிப்பதைவிட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ புதுவைப் பல்கலைக்கழகத்திலோ ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் பரிசீலிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

இனி ப்ரொபோசலின் உள்ளடக்கம். 'கடல்நீர் ஊடுருவல்' என்று தலைப்பு வைத்தவுடன் வரும் முதல் கேள்வி: உப்பு கடலிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? கடலூரில் இது நியாயமான கேள்வி. உப்பனாற்றிலும் கெடிலத்திலும் ஓதம், அதாவது கடலின் ஏற்ற நீர், உள்ளே ஏறுகிறது. இறால் பண்ணைகள் இருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வளாகம் இருக்கிறது. மண்ணடுக்கிலேயே பழங்காலத்தில் தங்கிப்போன உப்பும் இருக்கலாம். கண்டக்டிவிட்டியையும் (நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன்) குளோரைடையும் மட்டும் அளந்தால் இவை எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். புரோமைடையும் சேர்த்து அளக்க வேண்டும். கடல்நீரில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் எடை விகிதம் ஏறக்குறைய 290. வீட்டுக் கழிவுநீர் கலந்த கிணற்றில் அது பெரும்பாலும் அதைவிட உயர்ந்து நிற்கும். கூடவே, நீர் எங்கிருந்து வந்தது என்று அறிய உதவும் ஆக்சிஜன் 18, டியூட்டீரியம் ஐசோடோப்பு சோதனைக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி போடுங்கள். கோழிக்கோட்டில் உள்ள நீர்வள ஆய்வு மையமான சிடபிள்யூஆர்டிஎம் போன்ற இடங்களில் அதைச் செய்துகொள்ளலாம்.

நெய்வேலியை ஒதுக்கிவிட்டு எழுதாதீர்கள். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரைத் தொடர்ந்து இறைத்தால்தான் அங்கே சுரங்கம் நடக்கும். கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் அடுக்கில் நீர்மட்டம் இறங்கியதற்கு விவசாய போர்வெல் மட்டும்தான் காரணம் என்று எழுதினால், இந்தப் பகுதியை அறிந்த பரிசீலகர் அந்தப் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவார்.

கேள்வி: புதுச்சேரியில் சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். தமிழ்நாட்டில் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு 7,500 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. அது தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் திட்டம்; தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கானது. உங்கள் வீடு கடலூரில் இருந்தாலும் கல்லூரி எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டிய இடம் புதுச்சேரி அறிவியல் தொழில்நுட்பம் மற்றும் சுற்றுச்சூழல் துறை.

எல்லைக் குழப்பம் தரவு வாங்கும்போதும் வரும். கடலூர்க் கிணறுகளின் பழைய நீர்மட்டம் வேண்டுமென்றால் சென்னை தரமணியில் உள்ள மாநில நிலத்தடி நீர் தரவு மையம். பாகூர்ப் பக்கம் என்றால் புதுச்சேரி வேளாண் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு. ஒரே நிலத்தடி நீரடுக்குக்கு இரண்டு அலுவலகம், இரண்டு கடிதம். துறைத்தலைவர் கையெழுத்தோடு இரண்டையும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள்.

சிறிய தொகையில் என்ன செய்ய முடியும் என்றும் யோசித்திருப்பீர்கள். 40 கிணறுகளில் குளோரைடு பார்ப்பது தாராளமாக முடியும். நிறம் மாறும் வரை சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் முறை அது. 0.0141 நார்மல் செறிவுள்ள கரைசலுக்கு லிட்டருக்கு 2.395 கிராம் சில்வர் நைட்ரேட் வேண்டும். அதில் ஒரு மில்லி 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். மாணவர்கள் இடறுவது இங்கேதான்: பாடப்புத்தகத்தில் உள்ளபடி 100 மில்லி மாதிரி எடுப்பார்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள கடலோரக் கிணற்றில் அப்படி எடுத்தால் 200 மில்லி கரைசல் ஊற்ற வேண்டியிருக்கும். பியூரெட்டே நான்கு முறை காலியாகும். 10 மில்லி மாதிரியை 100 மில்லியாக நீர்த்துக்கொண்டால் 20 மில்லியில் வேலை முடியும். 40 கிணறுகளுக்கும் இரண்டு முறை சரிபார்த்துச் செய்தாலும் 4 கிராம் சில்வர் நைட்ரேட்டுக்கு மேல் ஆகாது. 25 கிராம் பாட்டில் ஒன்று வாங்கினால் அடுத்த பேட்ச்சுக்கும் மிச்சம் இருக்கும். பிஹெச் 7-க்கும் 10-க்கும் இடையில் இருக்கட்டும். இல்லையென்றால் நிறங்காட்டியாகச் சேர்க்கும் குரோமேட்டின் நிறம் மாறுவது ஏமாற்றும்.

கேள்வி: மூன்று வருட ப்ராஜெக்ட்டுக்கு பட்ஜெட் போடும்போது எதில் அதிகம் தவறு நடக்கிறது? (சிதம்பரம் ஆய்வு மாணவர்)

மூன்று இடங்களில். ஆள் சம்பளம் முதலாவது. இளநிலை ஆய்வாளருக்கு (ஜேஆர்எஃப்) மாதம் 37,000, முதுநிலை ஆய்வாளருக்கு (எஸ்ஆர்எஃப்) 42,000 என்ற 2023 விகிதப்படி இரண்டு வருடம் ஜேஆர்எஃப், ஒரு வருடம் எஸ்ஆர்எஃப் என்றால் மொத்தம் 13,92,000 ரூபாய். இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. வாடகைப்படிக்காக அரசு நகரங்களைப் பிரித்திருப்பதில் புதுச்சேரி 'ஒய்' பிரிவு, கடலூரும் சிதம்பரமும் 'இசட்'. ஒய்க்கு வாடகைப்படி இசட்டைப்போல இருமடங்கு. புதுச்சேரி நண்பரின் பட்ஜெட்டைப் பார்த்து எழுதினால் உங்களுடையது தப்பாகும்.

அடுத்தது ஜிஎஸ்டி. அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது. பெரும்பாலான கருவிகளுக்கு இப்போது 18 சதவீதம். கொட்டேஷனில் 'வரி தனி' என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் அடிப்படை விலையை மட்டும் பட்ஜெட்டில் எழுதிவிட்டு, பிறகு கருவியே வாங்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

மூன்றாவது, கருவியோடு சேர வேண்டிய துணைக்கருவி. கிணற்றுக்குள் தொங்கவிடும் நீர்மட்டப் பதிவுக்கருவிகளில் பெரும்பாலானவை தண்ணீரின் அழுத்தத்தையும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே பதிவு செய்யும். ஒரு ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் கரை கடந்த இடம் இது. புயல் நேரத்தில் அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் பதிவில் 20 சென்டிமீட்டர் பிழை நுழையும். அதுவும் வெள்ளம் நிரம்புவதை அளக்க வேண்டிய அதே நாட்களில். அதனால் காற்றழுத்தத்துக்கு மட்டும் ஒரு கருவி கட்டாயம் வேண்டும். பத்து கிணற்றுக்கும் ஒன்றே போதும்.

பட்ஜெட்டைவிட முக்கியமானது நாட்காட்டி. நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அனுமதிக் கடிதம் நவம்பரில் வந்து, விளம்பரம் கொடுத்து, நேர்முகம் வைத்து ஆள் எடுப்பதற்குள் பொங்கல் தாண்டிவிடும். முதல் பருவம் போயே போச்சு. மூன்று வருடத்தில் மழைக்கு முன் மூன்று, பின் மூன்று என்று ஆறு சுற்று மாதிரி எடுப்பதாக எழுதாதீர்கள். நான்கு சுற்று என்று எழுதி, முடிந்தால் ஐந்தாவதைச் செய்யுங்கள். பணம் வருவதற்கு முன்பே கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, உரிமையாளரிடம் பேசி, ஒரு சுற்று கண்டக்டிவிட்டி மட்டும் அளந்து வைத்தால் அந்தத் தரவே ப்ரொபோசலுக்கும் பலம்.

கேள்வி: பிப்ரவரியில் இரண்டாம் தவணை வந்திருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவழிக்க முடியாது. பணம் திரும்பப் போய்விடுமா?

எந்த வழியில் வந்தது என்று முதலில் உங்கள் நிதி அலுவலகத்தில் கேளுங்கள். கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் வந்திருந்தால் அது உங்கள் வங்கியில் இருக்கும் பணம் இல்லை. செலவழிக்க அனுமதிக்கப்பட்ட வரம்பு மட்டுமே. நிதியாண்டு முடிந்தால் மீதி காலாவதி ஆகும். அடுத்த ஆண்டு மறுபடி ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பயந்து மார்ச் கடைசி வாரத்தில் பொருந்தாத பொருளை வாங்கிப் போடாதீர்கள். தணிக்கையில் அது பெரிய தலைவலி. செய்யக்கூடியது: அனுமதி உள்ள கருவிக்கு இப்போதே அரசின் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் ஆர்டர் போட்டு, எஞ்சியதை எழுத்தில் தெரிவித்துவிடுவது.

பயனீட்டுச் சான்றிதழ், எல்லோரும் சொல்லும் யூசி, பொது நிதி விதிகள் 2017-ன் 12-ஏ படிவத்தில் போக வேண்டும். மூலதனச் செலவுக்கும் தொடர்செலவுக்கும் தனித்தனி. கெமிக்கலுக்கு ஒதுக்கிய பணத்தில் கருவி வாங்க முன்கூட்டியே அனுமதி பெறவில்லையென்றால், வாங்கிய பிறகு எவ்வளவு நியாயம் சொன்னாலும் எடுபடாது. வங்கிக் கணக்கில் பணம் இருந்து வட்டி சேர்ந்திருந்தால் அது உங்களுடையதல்ல. அரசுக்குப் பணம் கட்டும் இணையதளமான பாரத்கோஷ் வழியாகக் கட்டி, ரசீதை யூசியோடு இணையுங்கள். அடுத்த தவணை தாமதமாகப் பெரும்பாலும் காரணம் இந்தச் சிறு ரசீதுதான்.

கேள்வி: வானூர்ப் பக்கம் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டு நிதியில் ஒரு பகுதியை எங்கள் கல்லூரி ஆய்வுக்குத் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

வாங்கக் கூடாது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வந்த திருத்தப்படி, ஒருவர் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. உங்கள் அறக்கட்டளைக்கும் பதிவு இருந்தாலும் இதே விதிதான். பிரெஞ்சு ஆய்வாளரோடு சேர்ந்து வேலை செய்ய விருப்பம் என்றால், 1987 முதல் டெல்லியில் இயங்கும் இந்தோ பிரெஞ்சு மேம்பட்ட ஆய்வு ஊக்குவிப்பு மையம், செஃபிப்ரா என்று சொல்வார்கள், அதற்கு விண்ணப்பியுங்கள். இரு நாட்டு அரசுகளும் பணம் போடுவது. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் சேர்ந்து எழுத வேண்டும். முனைவர் பட்ட மாணவருக்கு ராமன் சார்பாக் ஃபெலோஷிப்பும் அதன் வழியாகவே கிடைக்கும்.

தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். கேட்கலாம்; உங்கள் அறக்கட்டளை முதலில் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் எந்த வளாகத்தின் கழிவுநீரை அளக்கப் போகிறீர்களோ அங்கிருந்தே பணம் வாங்காதீர்கள். முடிவு எப்படி வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஏரி தூர்வாருவது, மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கு வாங்கினாலும், தரவு யாருடையது, வெளியிட யார் அனுமதி வேண்டும் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.