அவர் இன்னும் சென்ட்ரி டியூட்டியில்தான் இருக்கிறார்

*அம்மா, என் கணவர் ராணுவத்தில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காஷ்மீரில் இரண்டு முறை போஸ்டிங். அங்கே நடந்தது எதையும் இதுவரை சொன்னதில்லை. இப்போது ஒரு வங்கியில் கன்மேன் வேலை. ராத்திரியில் மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனால் வாசலைப் பார்த்தபடி சுவரோரமாகத்தான் உட்காருவார். போன மாதம் தூக்கத்தில் ஏதோ கத்தினார். தொட்டு எழுப்பினேன், என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்ததும் அழுதார். அன்றிலிருந்து திண்ணையில் படுக்கிறார். கேன்டீன் ரம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. “நான் இருந்து யாருக்கு என்ன” என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மாமியார் செய்வினை என்கிறார். அண்ணன் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், “என்னைப் பைத்தியக்காரனாக்காதே, பென்ஷனை நிறுத்திடுவாங்க” என்கிறார். இத்தனை வருஷம் நன்றாக இருந்தவருக்கு இப்போது ஏன் இப்படி?*
*– பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்.*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உடனே எழுத உட்கார வைத்தது கழுத்தைப் பிடித்த விஷயம் அல்ல. “நான் இருந்து யாருக்கு என்ன” என்ற வார்த்தையும், “கன்மேன்” என்ற வார்த்தையும் ஒரே வீட்டில் இருப்பதுதான். அந்தத் துப்பாக்கி அவருடைய சொந்த லைசென்ஸில் வாங்கியதா? ராத்திரியில் அது எங்கே இருக்கிறது? வீட்டு பீரோவில் என்றால் முதல் வேலை அதை வெளியே கொண்டுபோவது. லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தேர்தல் சமயத்தில் எல்லோரும் ஒப்படைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இஸ்ரேல் ராணுவத்தில் 2006-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வார இறுதி விடுப்பில் வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். அந்த வயதுச் சிப்பாய்களின் தற்கொலை சுமார் 40% குறைந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். வார நாட்களில் பெரிய மாற்றமில்லை, குறைந்தது வார இறுதியில்தான். அந்த ஒரு கெட்ட மணி நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இல்லையென்றால் உயிர் பிழைத்துவிடுகிறது.

அடுத்தது, அவரிடம் நேராகக் கேளுங்கள். “சாகணும்னு தோணுதாங்க?” என்றே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, இதையும் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். “ஆமாம்” என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அன்று அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உங்களுக்காகவும் நீங்கள் கூப்பிடலாம்.

இனி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அவருக்குப் பைத்தியமும் இல்லை, செய்வினையும் இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்றே எனக்குத் தோன்றுகிறது. டாக்டர்கள் சுருக்கமாக பி.டி.எஸ்.டி என்பார்கள். உறுதி செய்ய வேண்டியது மனநல மருத்துவர். ஆனால் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பதும், வாசலைப் பார்த்து உட்காருவதும், தூக்கத்தில் கை பாய்வதும் உலகமெங்கும் சிப்பாய் வீடுகளில் பெண்கள் சொல்லிவந்த அதே அடையாளங்கள். காஷ்மீரில் அவர் உயிரைக் காப்பாற்றியதே அந்த விழிப்புதான். அங்கே சென்ட்ரியாகக் காவல் நிற்பவருக்கு அடுத்த ஆள் வந்து டியூட்டி மாற்றிக்கொள்வார். இவருடைய உடம்புக்கு மட்டும் இன்னும் யாரும் வந்து டியூட்டி மாற்றவில்லை.

இதற்கு ஒரு பெயர் கிடைக்கவே உலகம் வெகுகாலம் எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போரில், 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதை “ஷெல் ஷாக்” என்று எழுதினார். குண்டு வெடித்த அதிர்வில் மூளை கலங்கிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அது வந்தபோதுதான் மனசின் காயம் என்று புரிய ஆரம்பித்தது. ஆனாலும் அந்தப் போரில் ஓடிப்போனார்கள், கோழைகள் என்று சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களில் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் நடுங்கிக்கொண்டிருந்த நோயாளிகள். மன்னிப்பு வந்தது 2006-இல். தொண்ணூறு வருஷம்! பி.டி.எஸ்.டி என்ற பெயர் மருத்துவப் புத்தகத்தில் ஏறியதே 1980-இல்தான், அதுவும் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் விடாமல் போராடியதால்.

“இப்போது ஏன்?” என்ற கேள்விக்கும் அந்த வியட்நாம் சிப்பாய்களிடம்தான் பதில் இருக்கிறது. போர் முடிந்து பத்து வருஷத்துக்குமேல் ஆன பிறகு, 1980-களில் அவர்களைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். அங்கே பணியாற்றிய ஆண்களில் சுமார் 30% பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் இருந்திருக்கிறது. கணக்கெடுத்த நேரத்திலேயே சுமார் 15% பேருக்கு இருந்தது. அதே ஆட்களை மறுபடி தேடிப்போய், 2015-இல் வெளியிட்டார்கள். நாற்பது வருஷம் கழிந்தும் ஏறக்குறைய 2,71,000 பேர் முழு நோயோடோ, அதை நெருங்கும் அளவு அறிகுறிகளோடோ வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். உங்களவருக்கு ஒன்பது வருஷம்தான் ஆகிறது. பணியில் இருந்தபோது காலை பி.டி, ரோல் கால், பக்கத்துக் கட்டிலில் அதே குண்டுச் சத்தம் கேட்ட தோழன் என்று அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு வரிசை இருந்தது. ஊரில் அது எதுவும் இல்லை. அவர் “நன்றாக இருந்தார்” என்கிறீர்கள். வருஷத்தில் இரண்டு மாத லீவில் வந்தவரைத்தானே அப்போது நீங்கள் பார்த்தீர்கள்?

டாக்டர் என்றதும் அவர் கோபப்படுவதையும் புரிந்துகொள்ளுங்கள். ராணுவத்தில் உடல்தகுதியை “ஷேப்” என்று ஐந்து எழுத்தாகப் பிரித்து அளப்பார்கள். முதல் எழுத்தான “எஸ்” மனநிலையைக் குறிக்கும். முழுத் தகுதியான ஷேப்-ஒன் இல்லையென்றால் பிரமோஷன் தடைப்படும், “லோ மெடிக்கல் கேட்டகரி” என்ற பேர் வரும். 24 வருஷம் அந்தப் பயத்தில் மறைத்துப் பழகியவர் அவர். ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த அமெரிக்கப் படையினரிடம் சார்லஸ் ஹோக் என்ற ராணுவ மருத்துவர் குழு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மனநோய் அறிகுறி இருந்தவர்களில் 23 முதல் 40% பேர்தான் உதவி தேடியிருந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்களே “பலவீனமானவன் என்று நினைப்பார்கள்” என்று அதிகம் பயந்தார்கள்.

பென்ஷன் விஷயத்தில் அவருக்குத் தைரியம் சொல்லுங்கள். ரிட்டயர் ஆனவர் மனநல சிகிச்சை எடுத்தார் என்பதற்காக சர்வீஸ் பென்ஷன் நிற்காது. கன்மேன் வேலையைப் பற்றிய பயம் வேறு, அது நியாயமானதுதான். உடம்பு தேறும்வரை துப்பாக்கி இல்லாத வேலைக்கு மாற வேண்டியிருக்கலாம். வருமானம் குறையும், தெரியும். இருந்தாலும் அதைச் செய்யத்தான் சொல்வேன்.

சிகிச்சை உண்டு. எட்வா ஃபோவா, பட்ரீஷியா ரெசிக் போன்ற உளவியலாளர்கள் வகுத்த பேச்சு முறைகளில், பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை உட்காரவைத்து, அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி எடுப்பார். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உதவும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம், இந்த நோய்க்கு அந்த வகையைத் தவிர்க்கச் சொல்லித்தான் மருத்துவ வழிகாட்டிகள் எழுதியிருக்கின்றன. உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். ராணுவத்தினரிடம் இந்தப் பேச்சு முறைகளைச் சோதித்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, 49 முதல் 70% பேருக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு நோய் முழுசாக விட்டுப் போகவில்லை. பாதித் தூக்கமாவது திரும்பி வந்தால் உங்கள் வீடு வேறு வீடாகிவிடும் அல்லவா?

“அங்கே என்னதான் நடந்தது, சொல்லுங்க” என்று மட்டும் குடைந்து கேட்காதீர்கள். பயம் மட்டுமே காயமாக இருப்பதில்லை. செய்ததோ, செய்யத் தவறியதோ, தோழனை விட்டுவிட்டு வந்ததோ உள்ளே குற்றமாகக் கிடந்து அரிக்கும். ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மருத்துவர் வியட்நாம் சிப்பாய்களிடம் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அதற்கு “தார்மிகக் காயம்” என்று பேர் வைத்தார். அதை மனைவியிடம் சொன்னால் அவள் கண்ணில் தான் யாராகிவிடுவோம் என்பதுதான் அவர்கள் பயம். அவராகப் பேசினால் கேளுங்கள். “அதான் முடிஞ்சுபோச்சே, மறந்துடுங்க” என்று சொல்லாதீர்கள்.

என் பெரியப்பா 1971 போருக்குப் போய்வந்தவர். மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது எங்களில் யாரும் கட்டில் பக்கம் போகக் கூடாது. பாட்டி வாசற்படியிலேயே நின்று, “ராசு… ராசு… அம்மாடா” என்று மெதுவாக நாலைந்து தடவை கூப்பிடுவாள். அவர் கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, “ம்” என்ற பிறகுதான் காபி டம்ளர் உள்ளே போகும். எந்தப் புத்தகமும் படிக்காத அந்தக் கிழவி செய்ததையே இன்று டாக்டர்களும் சொல்கிறார்கள். தொடாதீர்கள். கைக்கு எட்டாத தூரத்தில், கால் பக்கம் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். தனித்தனியாகப் படுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் திண்ணையில் வேண்டாம். பக்கத்து அறையில் படுக்கச் சொல்லுங்கள். அவர் தன்னைத் தானே வீட்டைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்.

ரம் முதல் இரண்டு மணி நேரம் தூங்கவைத்து, பின்னிரவைக் கலைத்துவிடும். கெட்ட கனவு வரும் நேரமும் அதுதான். ஆனால் தினமும் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். அதையும் டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். குணசீலம் போவதில் தப்பில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள், ஆனால் அதைச் சொல்லி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலூரிலேயே முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தின் (இ.சி.எச்.எஸ்) பாலிகிளினிக் இருக்கிறது. கார்டை எடுத்துக்கொண்டு போனால் அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அங்கே பழைய ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்று அவர் கூசினால், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். “உங்களுக்கு மனசு சரியில்லை” என்று ஆரம்பிக்க வேண்டாம், கதவு சாத்திக்கொள்ளும். காலையில், குடிக்காத நேரத்தில், டீயைக் கையில் கொடுத்துவிட்டு, “எனக்குத் தூக்கம் போச்சுங்க. ராத்திரியெல்லாம் நீங்க எழுந்திரிக்கிறதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன். தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கணும், கூட வாங்க” என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் உங்கள் பேரையும் எழுதுங்கள்.