கிளாஸை அல்ல, அழைப்பைத்தான் பின்னணிக்கு அனுப்ப வேண்டும்

கேள்வி: குடியாத்தத்தில் உள்ள ஒரு லுங்கி மொத்த வியாபாரக் கடைக்காக ஜாவாவில் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதியிருக்கிறேன். பில், இருப்பு, நிலுவை என 38 கிளாஸ்கள் இருக்கின்றன. மாதக் கணக்கு பொத்தானைத் தொட்டால் திரை உறைந்துபோகிறது. சில வேளைகளில் செயலி பதிலளிக்கவில்லை என்ற பெட்டியும் வருகிறது. ஒவ்வொரு கிளாஸிலும் கையால் திரெட் எழுதிக்கொண்டிருக்காமல், எல்லாக் கிளாஸ்களையும் பின்னணித் திரெட்டில் ஓடவைக்கும் நிரலை ஒரு கருவியே உருவாக்கித் தரும்படி செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் எந்தக் கிளாஸும் ஒரு திரெட்டுக்குள், அதாவது நிரல் வரிவரியாக ஓடும் ஒரு தடத்துக்குள், குடியிருப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கிளாஸில் இருப்பது தகவலும் அதைக் கையாளும் மெத்தட்களும் மட்டுமே. ஒரு மெத்தட்டை எந்தத் திரெட் அழைக்கிறதோ அந்தத் திரெட்டிலேயே அது ஓடும். ஆகவே உங்கள் கருவி கிளாஸை மாற்றி எழுத வேண்டியதில்லை. அழைப்பை இடைமறித்து வேறொரு திரெட்டிடம் ஒப்படைக்கும் மெல்லிய உறை ஒன்றை உருவாக்கினால் போதும்.

திரை உறைவதற்குக் காரணம் எளிது. ஆண்ட்ராய்டில் தொடுதலை வாங்குவதும் திரையை வரைவதும் ஒரே முதன்மைத் திரெட்டின் வேலை. நொடிக்கு 60 முறை வரையும் திரையில் ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி நொடி. ஒரு தொடுதலுக்கு 5 நொடிக்குள் பதில் வராவிட்டால் நீங்கள் பார்த்த பெட்டி வந்துவிடும். 38 கிளாஸ்களும் இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. கருவியை எழுத உட்காருவதற்கு முன் ஸ்ட்ரிக்ட்மோடு என்ற வசதியை இயக்கி ஒரு நாள் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள். முதன்மைத் திரெட்டில் நடக்கும் வட்டுப் படிப்பையும் இணைய அழைப்பையும் அது ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். அவற்றோடு பெரிய கூட்டல் வேலைகளையும் சேர்த்தால், அநேகமாக ஐந்தாறு கிளாஸ்கள்தான் உறைக்குத் தேவைப்படும்.

உறையை உருவாக்க இரண்டு வழிகளைச் சொல்வேன். ஒன்று, செயலி ஓடும்போதே, அசலுக்குப் பதிலாக நின்று அழைப்பை வாங்கும் ஜாவாவின் ப்ராக்ஸி வசதியைக் கொண்டு உருவாக்குவது. இது 2000-இல் வந்த ஜாவா 1.3 முதலே இருக்கிறது. எழுத எளிது, ஆனால் மெத்தட்களின் வடிவத்தை அறிவிக்கும் இன்டர்ஃபேஸ்களுக்கு மட்டுமே பொருந்தும், தவறுகளும் ஓடும்போதுதான் தெரியவரும். மற்றொன்று, 2006-இல் ஜாவா 6 முதல், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரோடு இணைந்த அனோட்டேஷன் ப்ராசசர். மெத்தட்டின் தலையில் நீங்கள் ஒரு குறி வைத்தால், கம்பைல் செய்யும்போதே அதற்கான ஜாவா கோப்பை அது எழுதித் தரும். அந்தக் கோப்பை நீங்கள் திறந்து வரிவரியாகப் படிக்கலாம் என்பதாலேயே நான் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன். பிழை வந்த இரவில், கண்ணுக்குத் தெரியும் நிரல்தான் கைகொடுக்கும்.

உருவாக வேண்டிய நிரலை ஒரு மெத்தட்டை வைத்துப் பார்ப்போம். நிலுவை என்ற இன்டர்ஃபேஸில், வாடிக்கையாளர் எண்ணையும் மாதத்தையும் வாங்கித் தொகையைத் திருப்பித் தரும் மெத்தட் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உறையில் அதே பெயரில் ஒரு மெத்தட் இருக்கும். ஆனால் அது தொகையைத் திருப்பித் தராது, அதற்குப் பதில் விடையை வாங்கிக்கொள்ளும் கால்பேக் ஒன்றைக் கூடுதலாகக் கேட்கும். உள்ளே, எண்ணையும் மாதத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, பின்னணித் திரெட்களை வேலை வாங்கும் எக்ஸிக்யூட்டரிடம் வேலையைக் கொடுக்கும். அந்த வேலை, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்சுக்குள் உங்கள் அசல் கிளாஸை அழைத்து, வந்த தொகையையோ விழுந்த பிழையையோ ஹேண்ட்லர் வழியாக முதன்மைத் திரெட்டுக்கு அனுப்பும். மொத்தம் பதினைந்து வரிகூட வராது.

மெத்தட்டின் வடிவத்தை மாற்றாமல், பழையபடியே தொகையைத் திருப்பித் தரும் உறையை உருவாக்கத்தான் பலருக்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால் பின்னணி வேலை முடியும்வரை முதன்மைத் திரெட் காத்து நின்றே ஆக வேண்டும். வேலூர் லாங்கு பஜார் கடைக்காரர் பையனைக் குடோனுக்கு அனுப்பிவிட்டு, தானும் கல்லாவை விட்டு எழுந்து குடோன் வாசலில் நிற்பது போன்றதுதான் இது; பின்னணித் திரெட் இருந்தும் திரை உறைந்தே கிடக்கும்.

ட்ரை-கேட்சை விட்டுவிடாதீர்கள். எக்ஸிக்யூட்டரின் சப்மிட் மெத்தட்டில் கொடுத்த வேலையில் பிழை விழுந்தால், அது, விடையை வைத்திருக்கும் ஃபியூச்சருக்குள் பதுங்கிக்கொள்ளும். யாரும் விடையைக் கேட்டுப் பார்க்காவிட்டால் சத்தமே இல்லாமல் போய்விடும். திரையில் நிலுவை 0.00 என்று நிற்கும், கடைக்காரரும் அதை நம்பிவிடுவார்.

நான் அதிகம் வருந்தியது வேலைகளின் வரிசையைப் பற்றித்தான். பழைய வடஆற்காட்டு ஆரணியில் ஒரு பட்டு வியாபாரிக்குச் செய்த செயலியில், நான்கு திரெட்கள் கொண்ட குழுவுக்கு எல்லா வேலைகளையும் கொடுத்திருந்தேன். அவர் முன்பணத்தைப் பதிந்த உடனே பாக்கியைத் தொட்டார். பதிவு ஒரு திரெட்டில் நடந்துகொண்டிருக்கையிலேயே பாக்கிக் கணக்கு இன்னொரு திரெட்டில் முடிந்துவிட்டது. முன்பணம் கழியாத தொகை திரையில் வந்தது. தம் பேரேட்டோடு ஒப்பிட்டு அவர்தான் அதைக் கண்டுபிடித்தார். அன்று முதல், உள்ளே நிலையை வைத்திருக்கும் கிளாஸ்களுக்கு ஒற்றைத் திரெட் எக்ஸிக்யூட்டரையே என் கருவி கொடுக்கிறது. கொடுத்த வரிசையிலேயே வேலைகள் முடிகின்றன. ஒரே பட்டியலையோ ஹேஷ்மேப்பையோ பகிர்ந்துகொள்ளும் கிளாஸ்கள் அனைத்தும் ஒரே எக்ஸிக்யூட்டரின் கீழ் வர வேண்டும். உறை வழியாகவன்றி அசல் கிளாஸை நேரடியாக யாரும் அழைக்கவும் கூடாது. கிளாஸுக்கு ஒரு திரெட் என்று 38 திரெட்களைத் திறந்துவிடாதீர்கள்.

கருவி சிலவற்றை மறுக்கவும் வேண்டும். திரையின் உறுப்புகளை அவற்றை உருவாக்கிய திரெட் மட்டுமே தொடலாம். ஆகவே குறியிட்ட மெத்தட் வியூவையோ (திரை உறுப்பு) ஆக்டிவிட்டியையோ (ஒரு திரையை நடத்தும் கிளாஸ்) வாங்கினால், கம்பைல் நேரத்திலேயே பிழை காட்டி நிறுத்தும்படி ப்ராசசரை எழுதுங்கள். இன்டர்ஃபேஸ் இல்லாமல் துணைக்கிளாஸாக உறையை உருவாக்குவதானால், பிரைவேட், ஃபைனல் மெத்தட்களையும் இவ்வாறே மறுக்க வேண்டும். அவற்றைத் துணைக்கிளாஸால் மாற்றி எழுத முடியாது.

ஆண்ட்ராய்டின் பழைய பின்னணி வசதியான ஏசிங்க்டாஸ்க்கை அடிப்படையாக வைத்து உறையை உருவாக்க வேண்டாம். 2020-இல் ஆண்ட்ராய்டு 11-உடன் அது கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டுவிட்டது. செயலியைக் கோட்லின் மொழியில் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், அதன் கோரூட்டீன்களே இந்த வேலையைச் செய்யும், தனிக் கருவி தேவையில்லை. செயலியை மூடிய பிறகும் முடிந்தாக வேண்டிய வேலையை, இரவில் கணக்கைச் சேமிப்பது போன்றதை, ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜரிடம் கொடுங்கள். செயலியின் ப்ராசஸை ஆண்ட்ராய்டு முடித்துவிட்டால் பின்னணித் திரெட்டும் அதோடு போய்விடும்.

ஒவ்வோர் அழைப்புக்கும் ரத்து செய்யும் கைப்பிடி ஒன்றை உறை திருப்பித் தரட்டும். போனைத் திருப்பினால் இயல்பாகப் பழைய ஆக்டிவிட்டி அழிந்து புதியது உருவாகும். கால்பேக் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால் அது நினைவகத்தை விட்டுப் போகாது, விடையும் இல்லாத திரைக்குப் போய்ச் சேரும். சோதிக்கும்போது நிலுவை மெத்தட்டுக்குள் 10 நொடி உறக்கம் வைத்து, பொத்தானைத் தொட்டு, உடனே போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பட்டியல் தடையின்றி உருள வேண்டும். பழைய திரைக்கான அழைப்பு ரத்தாகி, புதிய திரை தானே கேட்டு வாங்கிய தொகை மட்டும் ஒரே ஒருமுறை அங்கே வர வேண்டும்.