நீட்ட முடியாத முழங்கால்: கத்தி எப்போது?

கேள்வி: என் மகளுக்கு வயது 9. மூன்று வருடமாக வலது முழங்காலில் மூட்டுவாதம். அதற்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மருந்து கொடுக்கிறோம். வீக்கம் ஓரளவு வடிந்துவிட்டது. ஆனால் கால் 30 டிகிரி மடங்கியே நிற்கிறது. இடது காலைவிட நீளமாகவும் தெரிகிறது. ஆபரேஷன் செய்து நேராக்கிவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 'ஓரளவு' என்கிறீர்களே, அந்த மிச்ச வீக்கம்தான் முதல் வேலை. உள்சவ்வின் அழற்சி அடங்காத மூட்டில் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வெட்டி நீட்டினாலும் கால் திரும்ப மடங்கும். மூட்டுக்குள் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு வீக்கத்தை அடக்கிய பிறகு, வாரம் ஒருமுறை மாற்றும் மாவுக்கட்டால் சில டிகிரி சில டிகிரியாக நிமிர்த்துவார்கள்.

யார் சொன்னாலும் ஒரே அமுக்கில் நிமிர்த்த விடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பின்பக்கம் நழுவிவிடும். பார்க்கக் கால் நேராக இருக்கும், மூட்டு கெட்டிருக்கும். நோயால் மெலிந்த தொடையெலும்பு முட்டிக்கு மேலே முறியவும் செய்யும். கட்டுப் போட்டிருக்கும் நாட்களில் கால் பெருவிரலை மேலே தூக்குகிறாளா என்று தினமும் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் நரம்பு இழுபடுகிறது என்று அர்த்தம். அன்றே கட்டைப் பிரிக்க வேண்டும்.

நீளமும் இதில் சேர்த்தி. அழற்சியால் ரத்த ஓட்டம் கூடி, முட்டி அருகே எலும்பு வேகமாக வளர்ந்திருக்கிறது. நீண்ட காலை மடக்கித்தான் குழந்தை இடுப்பைச் சமன் செய்துகொள்கிறது. இடது செருப்பின் அடியை உயர்த்திக் கொடுத்தாலே அந்தப் பழக்கம் குறையும். முட்டிக்கடியில் தலையணை வைக்கவே கூடாது. பாதம் மட்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி குப்புறப் படுக்க வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் நடையைக் கெடுக்கும் வளைவு மிஞ்சினால், முட்டிக்குப் பின்புறத் தசைநாண்களை நீட்டுவார்கள். தேவைப்பட்டால் மூட்டின் பின்னுறையையும் தளர்த்துவார்கள். வளரும் வயதுக்கு இன்னொரு வழி உண்டு: தொடையெலும்பின் கீழ்முனையில் எலும்பு வளரும் இடமான வளர்ச்சித்தட்டின் முன்பக்கத்தில் இரண்டு சிறு உலோக பிளேட் பொருத்துவது. முன்பக்கம் தடைபட்டுப் பின்பக்கம் வளர, கால் தானாக நிமிரும். மெதுவான வேலை, மாதத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரிதான். வளர்ச்சி மிச்சமிருந்தால் மட்டுமே பலிக்கும், 9 வயதில் அது உண்டு. நிமிர்ந்ததும் பிளேட்டைக் கழற்ற மறக்கக் கூடாது.

எந்த ஆபரேஷன் ஆனாலும் வாய் முழுதாகத் திறக்கிறதா, கழுத்து மடங்குகிறதா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூட்டுவாதத்தால் தாடையும் கழுத்தும் இறுகியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவது சிரமம். மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம்.