ஆரல்வாய்மொழியில் நன்றாக ஓடும் பழைய காற்றாலைகளை ஏன் மாற்ற வேண்டும்?

ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைக் கழற்றுவது வீண்செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கிடையே நெருக்கப்படும் தென்மேற்குப் பருவக்காற்று வேகமெடுக்கிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், இத்தகைய அரிய இடத்தில், நாகர்கோவில் – திருநெல்வேலி நெடுஞ்சாலையோரம் இரும்புச் சட்டக் கோபுரங்களில் சுழலும் 250 கிலோவாட் அளவிலான குட்டை ஆலைகளையே வைத்திருப்பது பெரிய இழப்பு. இன்றைய ஆலைகள் பல 2,000 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட திறன் கொண்டவை. 100 மீட்டர் உயரத்தில் தரையின் தடையின்றி வரும் சீரான காற்றைப் பிடிப்பவை. இறக்கையின் நீளம் இரட்டித்தால் அது சுற்றும் பரப்பு நான்கு மடங்காகிறது. உண்மையான சிக்கல் பொறியியலில் இல்லை. பெரிய ஆலைகளுக்கிடையே அதிக இடைவெளி வேண்டும். ஆகவே அருகருகே சிறு நிலத்துண்டுகளில் ஆலை வைத்திருக்கும் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து, வருவாயைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டால்தான் இந்த மாற்றம் நடக்கும்.