குவாரி வெடியில் விரிசல்: 11 மனுக்களும் யாருக்குச் சாட்சி?

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து 220 மீட்டரில் கல்குவாரி ஓடுகிறது. 2 வருடமாக வெடி வைக்கும்போதெல்லாம் வீடு ஆடுகிறது. சுவரெல்லாம் விரிசல். கலெக்டருக்கு 11 மனு கொடுத்தும் பலனில்லை. கேட்கப்போன என் தகப்பனாரைக் குவாரிக்காரர் ஒருமையில் பேசினார். ஊராட்சித் தலைவரும் அவர் பக்கம். 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பதுதானே சட்டம்? எப்படி மூடுவது?

பதில்: ஒருமையில் பேசியதையும் தலைவரையும் ஓரமாக வையுங்கள். போகிறபோக்கில் ‘தோட்டத்து வீடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இல் 36(1-ஏ) சொல்லும் 300 மீட்டர், ‘குடியிருப்பு’ இடத்திலிருந்து அளக்கப்படுவது. வருவாய்க் கணக்கில் ஊர் நத்தம், வீட்டுமனை என்று பதிவானதும், அதிகாரமுள்ள அமைப்பு ஒப்புதல் தந்த மனைப்பிரிவும்தான் குடியிருப்பு என்று விதியே விளக்கம் தருகிறது. புன்செய்ப் பட்டாவில் கட்டிய வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது. கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டு நகலைப் பாருங்கள். நத்தம் என்றிருந்தால் மறுபடி எழுதுங்கள், பேச்சே வேறு. புன்செய் என்றால், இந்த விதியைக் காட்டிக் குவாரியை மூடும் ஆசையை விடுங்கள்.

எனக்குப் பயம் அந்த 11 மனுக்கள்மீதுதான். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு, அதன் 2010 சட்டம் பிரிவு 14-இன்படி 6 மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். கெடு ஓடத் தொடங்குவது பிரச்சினை ‘முதன்முதலில்’ எழுந்த நாளிலிருந்து. மனுக் கொடுத்தால் கெடு நிற்காது. ஒரு கட்சிக்காரர் ஒப்புகைச் சீட்டுகளையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் தேதிவாரியாக அடுக்கி எடுத்துவந்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆவணம் தேவைப்படவில்லை. விரிசல் எப்போது விழுந்தது என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்! இன்னும் சிலர் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டுப்போய், இதில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்னும் அதே சட்டத்தின் பிரிவு 29-இல் முட்டித் திரும்புவார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால், பெரும்பாலும் ‘மனுவைப் பரிசீலிக்கவும்’ என்ற உத்தரவு கிடைக்கும். உங்களுக்கு அது 12-வது மனு.

உங்களிடம் மிச்சமிருப்பது அதே தீர்ப்பாயத்தில், பிரிவு 15-இன்படி இழப்பீடு. அதற்கு 5 வருடக் கெடு, ஆகவே அவகாசம் இருக்கிறது. கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம். ஆனால் விரிசல் வெடியால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். அஸ்திவாரம் பழசு என்பார்கள். பொங்கலுக்குப் பூசி வெள்ளையடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள். சிவில் இன்ஜினியரை வைத்து ஒவ்வொரு விரிசலையும் அளந்து, தேதியோடு படமெடுங்கள். அதிர்வையும் கருவி வைத்து அளக்க வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கை, குறைந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடுகளுக்கு வினாடிக்கு 5 மில்லிமீட்டரை வரம்பாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் உங்கள் கை ஓங்கும்.

கை ஓங்கியதும் வழக்கை இழுக்காமல் சமரசம் பேசுங்கள். உங்கள் தகப்பனாருக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் குவாரிக்காரர் நீட்டும் முத்திரைத்தாளை அப்படியே கையெழுத்திடாதீர்கள். ‘இனி எக்காலத்திலும் ஆட்சேபனை இல்லை’ என்று ஒரு வரி உள்ளே இருக்கும். அடுத்த குத்தகைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் கோப்பில் ஏறும். இன்றுவரையான விரிசலுக்கு மட்டும் ரசீது கொடுங்கள். வெடி வைக்கும் நேரத்தையும் மருந்தின் அளவையும் நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். பட்டா கூட்டாக இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தொகை வங்கி வழியாக, வக்கீல் கடிதத்தின் பேரில் மட்டுமே வரட்டும். டீக்கடையில் ரொக்கமாக வாங்கிய ஒருவர்மீது, மிரட்டிப் பணம் பறித்ததாக மறுவாரமே புகார் போனது. அவருக்கு முன்ஜாமீன் எடுத்துக் கொடுத்தது நான்தான்.